கழிவுக் கூடை

4 மார்ச் 2024, திங்கள்

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு மாதம், இருபத்திரண்டு நாள். இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடும் பழக்கம் எனக்கில்லை. காலையில் வந்த ஒரு கடிதம் கணக்கிட வைத்தது. ‘தங்கள் முதிர்ந்த வயதைக் கருதி நீதிமன்றத்துக்கு நேரில் வர வேண்டியதில்லை, இணைத்துள்ள சத்தியப் பிரமாணத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால் போதும்.’ அனுப்பியவர் மலைத்தேயிலைத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர் திவாகர். அதே நாற்காலியில் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். 2006-இல் அலுவலகச் சாவியை அவன் கையில் கொடுத்தவளும் நானே.

வழக்கு இதுதான். வேலாயி என்ற தொழிலாளி தன் சொந்தச் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறாள். கேமரன் மலைக் கருங்காட்டுத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் முப்பத்திரண்டு லயத்து வீடுகள் இருக்கின்றன. அவற்றைக் காலி செய்து கொடுக்கச் சங்கம் நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. சென்ற ஆகஸ்டில் உறுப்பினர் வாக்கெடுப்பு நடந்தது. ஒப்பந்தம் வேண்டும் என்றவர்கள் 53, வேண்டாம் என்றவர்கள் 31. வாக்கெடுப்பு பொய் என்று வேலாயி சொன்னாள். சங்கம் அவளை நீக்கியது. அவள் வழக்கறிஞரைத் தேடிப் போனாள்.

என்னைக் கையொப்பமிடச் சொல்லும் வாசகம்: ‘வாக்கெடுப்பு என் காலத்திலிருந்து வழங்கிவரும் மரபுப்படியே நடந்தது.’

கையொப்பமிடவில்லை. கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழைகள். சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன்.

6 மார்ச், புதன்

வேலாயியின் வழக்கறிஞர் ஈப்போவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். பெயர் பிரேமலா. வயது முப்பதுக்குள் இருக்கும், வேகமாகப் பேசுகிறாள்.

“ஆன்டி, இந்த இலை ஓட்டு எனக்கு இன்னும் மண்டையில ஏறல லா. நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம். எழுதித் தருவீங்களா? ஜட்ஜுக்கும் புரியணும்.”

எழுதிக் கொடுத்ததன் நகல்:

‘1974-இல் எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. கை தூக்கச் சொன்னால் கங்காணி பார்ப்பார். வாக்குச் சீட்டு கொடுத்தால் அதில் புள்ளி போட்டுத் தர இன்னொருவர் வேண்டும். இரகசியம் அங்கேயே போய்விடும். ஆனால் இலையைப் படிக்கத் தெரியாதவர் எங்களில் எவருமில்லை. ஆகவே சட்டம் கட்டாயமாகச் சீட்டைக் கேட்கும் விவகாரங்கள் தவிர மற்றவற்றுக்கு இலை என்று வைத்தோம்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு தரப்படும்: ஈரிலையும் மொட்டும் கொண்ட ஒரு கொழுந்து, ஒரு முற்றல் இலை. வேண்டும் என்பவருக்குக் கொழுந்து. வேண்டாம் என்பவருக்கு முற்றல். எடை போடும் கொட்டகையில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் இரண்டு பிரம்புக் கூடைகள். தன் முடிவை இடப்பக்கத்து வாக்குக் கூடையிலும், மிஞ்சியதை வலப்பக்கத்துக் கழிவுக் கூடையிலும் போட வேண்டும். வெறுங்கையோடு வெளியே வருவதால் யார் எதைப் போட்டார் என்று எவருக்கும் தெரியாது.

எண்ணுவதற்கு முன் கழிவுக் கூடையை எல்லோர் கண்முன்னும் சரிவில் கொட்டிவிட வேண்டும். அதன் பிறகே வாக்குக் கூடையைப் பாயில் கவிழ்த்து எண்ண வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.’

சாட்சியம் என்று எதுவும் மிஞ்சாது என்பதையும் சேர்த்தேன். மாலைக்குள் இலை கருத்துவிடும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை வீணாக்காமல் அன்றைய எடையோடு சேர்த்து ஆலைக்கு அனுப்பிவிடுவார். எங்கள் ஜனநாயகத்தை யாரோ எங்கோ பால் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள்.

கடைசி வாக்கியத்தைப் பிரேமலாவுக்கு அனுப்பிய படியில் அடித்துவிட்டேன்.

10 மார்ச், ஞாயிறு

வேலாயி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, நாற்பத்தோர் ஆண்டுகள் கொழுந்து பறித்த கை. ரிங்லெட்டில் என் வீட்டு மாடிப்படி இருபத்திரண்டு. ஏறி வந்து மூச்சு வாங்காமல் பேசினாள். நான் பொறாமைப்பட்டேன்.

“செகட்ரியம்மா, ஒங்களுக்கு ஆபீசுலேர்ந்து கடுதாசி வந்துச்சாமே.”

“வந்தது. பிழை திருத்தி வைத்திருக்கிறேன்.”

“அவனுவளத் திருத்துனா தேவல.”

உட்காரச் சொன்னேன். தேத்தண்ணி வைத்தேன். சுவைத்துவிட்டு, “இது நம்ம தோட்டத்துத் தூளு இல்லியே” என்றாள். இல்லைதான். எங்கள் தோட்டத்துத் தூள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் விலையில் எனக்குக் கட்டுப்படியாகாது.

பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“நான் போட்டது முத்தலு. வீடு வேணும்ல? கொழுந்தக் கழிச்சுப் போட்டேன். போடுறதுக்கு முன்னாடி மொட்டக் கடிச்சிட்டேன்.”

“ஏன் கடித்தாய்?”

“சும்மாதான். கை சும்மா இருந்தா வாயி சும்மா இருக்காது லா எனக்கு. கசந்துச்சு, துப்பிட்டேன். அப்பறம் எண்ணுறப்ப பாயில பாக்குறேன் – என் கொழுந்து கெடக்குது! மொட்டு இல்லாம, பல்லுத் தடத்தோட. கழிச்சத எப்புடி எண்ணுனானுவ?”

“மொட்டு உடைந்த கொழுந்து குறைந்தது இருபது இருந்திருக்கும்.”

“இருக்கட்டும். ஏம் பல்லு பட்டது ஒண்ணுதான் இருக்கும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க உண்டாக்குன ஓட்டு. நீங்க சொல்லுங்க. அது எப்புடி பாய்க்கு வரும்?”

“யோசிக்க வேண்டும்” என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை.

20 மார்ச், புதன்

திவாகர் நேரில் வந்தான். ஸ்ட்ராபெரி கொண்டுவந்தான். கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஸ்ட்ராபெரி கொண்டுவரும் மனிதனை என்னவென்று சொல்வது?

நாற்பத்தாறு வயதில் தலைமுடிக்கு மையாகச் சாயம் பூசியிருக்கிறான். குனிந்து காலைத் தொட்டான். “அம்மா” என்றான். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவனுக்கு எப்போதும் வசதி.

“அம்மா, நீங்க வெறும் ஒரு சைன் போடறதுதான். மத்தத லாயர் பாத்துக்குவாரு.”

“கழிவுக் கூடையை எப்போது கொட்டினீர்கள்?”

அவன் தயங்கவில்லை. உறையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்தான். என் கையெழுத்து. நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன் நான் எழுதிய கூட்டக் குறிப்பு:

‘17 ஜூன் 1979, ஞாயிறு. உறுப்பினர் இருளப்பன் சங்கத்தில் நீடிக்க வேண்டுமா என்பது குறித்து வாக்கெடுப்பு. வேண்டும்: 58. வேண்டாம்: 61. இருளப்பன் நீக்கப்பட்டார். மழை காரணமாகக் கழிவுக் கூடை எண்ணிக்கைக்குப் பிறகு காலி செய்யப்பட்டது. – ருக்குமணி, செயலாளர்.’

“நாங்களும் பின்னாடிதான் கொட்டுனோம்,” என்றான். “மழை காரணமா. நீங்க செஞ்சதத்தான் செஞ்சோம். நாப்பத்தஞ்சு வருசமா ஒருத்தர் கேள்வி கேட்டது இல்ல. அதுதான் மரபு. லாயர் இத பிரமாதம்னாரு.”

“ஆகஸ்டில் மழை பெய்ததா?”

“மலைதானம்மா. பெய்யும், நிக்கும்.”

போகும்போது வாசலில் திரும்பிக் கேட்டான்: “ஆமா, அந்த இருளப்பன் யாரு?”

“வேலாயியின் தகப்பன்.”

அவன் முகம் மலர்ந்தது. “அட! அப்ப குடும்ப வழக்கம்னு சொல்லுங்க.”

ஸ்ட்ராபெரியைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

21 மார்ச், வியாழன்

உறக்கமில்லை. அந்த அலுவலகத்தின் மேசை, தட்டச்சு இயந்திரம், இரும்பு அலமாரி எல்லாம் நான் தேடிப் பிடித்து வாங்கியவை. ஒவ்வொரு லயத்திலும் நடந்து உறுப்பினர் சேர்த்தேன். காலில் ஏறிய அட்டைகளைத் துடைத்து எறிந்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவேன். துரை கொடுத்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அப்படிக் கட்டிய சங்கம், அதன் உறுப்பினர்களின் கூரையைக் கழற்றிக் கொடுக்க என் கையெழுத்தையே கேட்கிறது. பாவிப் பயல். அந்தப் பழைய பேப்பரை எந்தப் பெட்டியிலேர்ந்து தோண்டி எடுத்தான்? கரையான் கூடவா அதைத் தின்னாமல் விட்டது?

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டு. வேலாயி பிளாஸ்கில் பாயசம் கொண்டுவந்தாள். கூடவே அவள் மகள் பூவிழி. லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறிப் பண்ணையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தானே ஓட்டிவர ஒரு சிறிய கெரேத்தா வைத்திருக்கிறாள். என்னிடம் மரியாதையாகவும் சலிப்பாகவும் பேசுகிறாள். சரியான விகிதம்.

வேலாயி தானாகவே தகப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். சங்கத்தின் எதிர்மனுவில் அவர் பெயரைப் பார்த்துவிட்டாளாம். பூவிழி படித்துச் சொன்னாளாம்.

இருளப்பனை எனக்கு நன்றாகத் தெரியும். உறுப்பினர்களைக் கேட்காமல் நாங்கள் பறிப்பு எடை ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டோம். சங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார். அதற்காகவே அந்த வாக்கெடுப்பு. நீக்கப்பட்டபின் சங்கத்தின் பாதுகாப்பு இல்லை. ஆறு மாதத்தில் தோட்டம் அவரை வெளியேற்றியது. கோலா தெர்லாவில் காய்கறி லாரிக்கு மூட்டை ஏற்றினார். மனைவியும் மகளும் மட்டும், மனைவியின் வேலையால், பதினான்காம் நம்பர் வீட்டில் இருந்தார்கள். 1986-இல் இறந்தார்.

“வேல போனதுக்கெல்லாம் அவரு அழுவல,” என்றாள் வேலாயி. “அந்த அறுவத்தோரு பேருதான் அவரத் தின்னுட்டாங்க. யாரு யாருன்னு நெனச்சிக்கிட்டே இருப்பாரு. பக்கத்து வீட்டு கருப்பையா மாமாவா, மேட்டு வீட்டுக்காரங்களா, கூடப் பொறந்த தம்பியா... ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்தா யார் மொகத்தையும் பாக்க மாட்டாரு. எங்கம்மா யாரு சாவுக்கும் போனது இல்ல. ‘அதுவும் ஒரு ஓட்டுதான், போவட்டும்’பாங்க. நானும் கருப்பையா மாமா வீட்டுப் புள்ளைங்களோட பேசுனது இல்ல. ஒரே செவுரு செகட்ரியம்மா. ஒரே செவுரு.”

பூவிழி, “பாட்டிம்மா, பாயசம் ஆறுது” என்றாள்.

“ஆனா ஒங்களப் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லுவாரு,” என்றாள் வேலாயி. “‘அந்தப் பொம்பள வாயி புளிச்ச வாயி, ஆனா கணக்கு சுத்தம். அது எண்ணுனா சரியாத்தான் இருக்கும்’னு.”

பாயசத்தில் முந்திரி அதிகம்.

1 மே, புதன்

தொழிலாளர் நாள். சங்கக் கட்டடத்தில் ‘ஒற்றுமையே பலம்’ என்று பதாகை. எழுத்துப்பிழை இல்லை. குறைசொல்ல வேறெதுவும் அகப்படாமல் வீடு திரும்பினேன்.

18 ஜூன், செவ்வாய்

பிரேமலா நேரில் வந்தாள். களைத்திருந்தாள்.

“ஆன்டி, நான் ஓப்பனா சொல்றேன். நம்ம கேஸ் வீக். ஒரு இலையில பல்லுத் தடம் இருந்துச்சுன்னு சொன்னா கோர்ட் சிரிக்கும். இலையும் இப்ப இல்ல. கூடை மாறியிருக்கலாம்னு நான் சொல்லலாம். அது வெறும் என் கற்பனை. அப்படி மாறும், மாறியிருக்குன்னு யாராவது வந்து சொல்லணும்.”

“எண்பத்து நான்கு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?”

“திரைக்குப் பின்னால யார் இருந்தா? கூடைய வெளிய கொண்டுவந்தது செகரெட்டரி மட்டும்தான்.”

இந்த வழக்கின் சாமர்த்தியம் அவளுக்குப் புரிந்துவிட்டது. விரலால் மேசைமேல் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொருவரும் இரண்டு கூடையிலும் ஒவ்வொன்று போடுகிறார்கள். ஆகவே ஒரு கூடை மற்றதன் தலைகீழ். வாக்குக் கூடையில் 31 கொழுந்தும் 53 முற்றலும் இருந்தால், கழிவுக் கூடையில் 53 கொழுந்தும் 31 முற்றலும் இருக்கும். எந்தக் கூடையைக் கவிழ்த்தாலும் மொத்தம் 84. எண்ணிக்கை பிசகாது. கூடைதான் பிசகும்.

“அதுக்குத்தான கழிவை முதல்ல கொட்டணும்னு நீங்க ரூல் வச்சீங்க? செம மூளை ஆன்டி உங்களுக்கு.”

“நன்றி” என்றேன்.

வீட்டைக் காலி செய்யும் கடைசி நாள் அறிவிக்கப்பட்டுவிட்டதாம். அக்டோபர் 31. தீபாவளி. நிர்வாகத்தில் யாரும் நாட்காட்டி பார்ப்பதில்லை போலும். விசாரணை செப்டம்பர் 24, தெமெர்லோ நீதிமன்றத்தில். அதில் தோற்றால் வேலாயி பதினான்காம் நம்பரிலிருந்து தாப்பாவில் இன்னும் கட்டப்படாத அடுக்குமாடிக்குப் போக வேண்டும். அதாவது எங்கும் இல்லாத ஓரிடத்துக்கு.

என் பெயரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டாள். முறையை விளக்குவதற்கு மட்டும்.

சரி என்றேன். முறையை விளக்குவதற்கு மட்டும்.

9 ஜூலை, செவ்வாய்

அலங்கார அட்டையில் அழைப்பு. சங்க மண்டபத்துக்கு ‘ருக்குமணி மண்டபம்’ என்று பெயர்சூட்டு விழாவாம். தேதி: செப்டம்பர் 29. விசாரணை முடிந்து ஐந்தாம் நாள். நான் ஒழுங்காக நடந்துகொண்டால் பெயர். இல்லையென்றால் பலகைக்கு வேறு பெயர் எழுத நான்கு நாள் அவகாசம்.

திவாகரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்னை விலைக்கு வாங்குகிறாயா?”

“ஐயோ, என்னம்மா இது. ஒங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது? சங்கம் நல்லா இருக்கணும்னு நீங்க எவ்வளவோ செஞ்சிருக்கீங்க.” மறுபடியும் சொன்னான்: “எவ்வளவோ.”

அந்த இரண்டாவது ‘எவ்வளவோ’.

தெரியும் அவனுக்கு. எப்படித் தெரியும்? யார் சொல்லியிருப்பார்கள்? வெட்கம் கெட்டவன். துரோகி. நான் சோறு போட்டு – இல்லை, சோறு போடவில்லை, அதையும் ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? வேலை கொடுத்தேன். நம்பினேன். போதாதா?

10 ஜூலை, புதன்

யார் சொன்னது என்று நினைவுக்கு வந்துவிட்டது. நானேதான். 2006-இல் சாவி கொடுத்த அன்று, எல்லோரும் போன பிறகு, சுவரில் மாட்டியிருந்த அந்த இரண்டு கூடைகளைக் காட்டி அவனிடம் சொன்னேன்: “எது எந்தக் கூடை என்பது செயலாளருக்குத் தெரிந்தால் போதும்.” நகைச்சுவை என்று எண்ணிச் சொன்னது. அவனும் சிரித்தான்.

15 ஆகஸ்ட், வியாழன்

பூவிழியின் காரில் தோட்டத்துக்குப் போய்வந்தேன். எடைக் கொட்டகையில் இப்போது உர மூட்டைகள். சரிவில் இருவர் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, அது கொழுந்தையும் முற்றலையும் ஒருசேரச் சீவிப் பையில் தள்ளுகிறது. நேப்பாள இளைஞர்கள். வணக்கம் சொன்னார்கள். காலை ஆள்கணக்கான பெரட்டில் தமிழ்ப் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல இருபது பேர்கூடத் தேறமாட்டார்கள் என்றாள் வேலாயி.

பதினான்காம் நம்பர் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

“கருப்பையா மாமா மவன்,” என்றாள் வேலாயி. “நெஞ்சு சளி. டவுனுக்குப் போயி காட்டச் சொல்லணும்.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“பேச்சு இல்லியே.”

நாற்பத்தைந்து வருடம்.

23 செப்டம்பர், திங்கள்

தெமெர்லோ. சுங்கை கோயான் வழியாக ஐந்து மணி நேரம். வேலாயி வழியெல்லாம் வாந்தி எடுத்தாள், நான் எடுக்கவில்லை. விடுதி அறையில் குளிரூட்டியை நிறுத்தத் தெரியாமல் மலையிலிருந்து வந்த இரண்டு கிழவிகள் போர்வைக்குள் நடுங்கினோம்.

“நாளைக்கு நீங்க வந்து நின்னாலே போதும்,” என்றாள். “ஒங்களப் பாத்தா ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு.”

“நீதிபதி ஒரு பெண்.”

“அப்ப இன்னும் பயப்படுவாங்க.”

24 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். முதலில் வேலாயி. மொழிபெயர்ப்பாளர் மலாயில் கொழுந்தைப் ‘பூச்சோக்’ என்றார், சரி. முற்றலை ‘டாவுன் துவா’ என்றார், கிழட்டு இலை. அவையில் எல்லோரும் ஏனோ என்னைப் பார்த்தார்கள். பல்லுத் தடம் பற்றிச் சொன்னபோது சங்க வழக்கறிஞர் கேட்டார்: “உங்களுக்கு எத்தனை பல் இருக்கிறது?” வேலாயி சொன்னாள்: “கடிக்கிறதுக்குப் போதுமான அளவு இருக்கு. கிட்ட வாங்க.” மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு நான். பிரேமலா முறையை விளக்கச் சொன்னாள், விளக்கினேன். சங்க வழக்கறிஞர் எழுந்து 1979 குறிப்பைக் காட்டினார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆம்.”

“கழிவுக் கூடை எண்ணிக்கைக்குப் பிறகே காலி செய்யப்பட்டது. சரியா?”

“சரி.”

“அதாவது, சென்ற ஆண்டு நடந்ததும் 1979-இல் நடந்ததும் ஒன்றே?”

“அச்சாக ஒன்றே.”

அவர் மகிழ்ச்சியோடு உட்காரப் போனார். திவாகர் மூன்றாம் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தான். வேலாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதோ ஒரு சொல்லால் இதைத் திருப்பிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு. நீதிபதியிடம், என் பதில் முழுமையடையவில்லை, முடிக்க அனுமதி வேண்டும் என்றேன். அனுமதித்தார்.

பதினேழு ஜூன் 1979 அன்று மழை பெய்யவில்லை. திரைக்குப் பின்னால் நான் தனியாகப் போனேன். வாக்குக் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். அறுபதாவது கொழுந்துக்குப் பிறகு எண்ணத் தேவையிருக்கவில்லை, கொழுந்தே மிகுதி. இருளப்பன் வென்றிருந்தார். நான் வலக்கையால் கழிவுக் கூடையை எடுத்துவந்து நூற்றுப் பத்தொன்பது பேருக்கு முன்னால் பாயில் கவிழ்த்தேன். எல்லோரும் சேர்ந்துதான் எண்ணினோம். எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. உண்மையில் வேண்டும் என்றவர்கள் 61. வேண்டாம் என்றவர்கள் 58. பாயில் கிடந்தது அதன் தலைகீழ்; அதையே குறிப்பில் எழுதினேன். சென்ற ஆண்டு நடந்தது இதே மரபுதான் என்று சங்கம் சொல்வதை நான் ஏற்கிறேன்.

ஆங்கிலத்தில் சொன்னேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்ற ஆங்கிலம்; இலக்கணம் சுத்தமாக இருந்தது.

வேலாயிக்கு மொழிபெயர்ப்பாளர் மெதுவாகக் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் கூண்டிலேயே நின்றேன். பிறகு இறங்கினேன்.

25 செப்டம்பர், புதன்

திரும்பும் வழி. பூவிழி ஓட்டினாள். ரவூப் தாண்டியது. சுங்கை கோயானில் நிறுத்தினோம். வேலாயி கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கிவந்தாள், மூன்று போத்தல். எனக்கும் ஒன்று கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

மலை ஏறத் தொடங்கிய பிறகு கேட்டாள்: “அப்ப எங்கப்பாவ அறுவத்தோரு பேரு வேணும்னாங்களா?”

“ஆம்.”

“கருப்பையா மாமாவும் இருந்திருப்பாரு.”

“இருந்திருக்கலாம்.”

ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “எல்லாரும் செத்துட்டாங்களே. நான் இப்ப யார்கிட்டப் போயி பேசுவேன்?”

பூவிழி காரை ஓரமாக நிறுத்தினாள். தாயை அணைத்துக்கொண்டாள். நான் போத்தலைத் திறக்க முயன்றேன். மூடி இறுக்கம்.

29 செப்டம்பர், ஞாயிறு

பெயர்சூட்டு விழா நடக்கவில்லை. மண்டபத்திலிருந்து என் படத்தை இறக்கிவிட்டார்களாம். கூடைகள் மாட்டியபடியே இருக்கின்றனவாம்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. தீர்ப்பு வரும்வரை வீடுகளைக் காலி செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. பதினான்காம் நம்பரில் விளக்கு எரிகிறதாம். இந்த ஆண்டு வேலாயியிடமிருந்து முறுக்கு வரவில்லை.

22 ஜனவரி 2025, புதன்

தீர்ப்பு. ஆகஸ்ட் வாக்கெடுப்பு செல்லாது. வேலாயியின் நீக்கம் செல்லாது. மறுவாக்கெடுப்பு வாக்குச் சீட்டில், இரு தரப்புப் பார்வையாளர்களோடு நடக்க வேண்டும். பிரேமலா தொலைபேசியில் கத்தினாள்: “ஆன்டி, வின் பண்ணிட்டோம்!” திவாகர் மேல்முறையீடு செய்வானாம். ‘முன்னாள் செயலாளரின் துரோகம்’ என்று அறிக்கை விட்டிருக்கிறான். இம்முறை பிழை ஒன்றுமில்லை.

மாலையில் வேலாயி வந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு. உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றாள். பின்னால், இரண்டு படி கீழே, இருமிக்கொண்டு ஓர் ஆள். கருப்பையாவின் மகன். டவுனுக்கு மருந்து வாங்க வந்தார்களாம், ஒரே காரில்.

“உட்கார்” என்றேன்.

“உக்கார வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். ஏன் செஞ்சீங்கன்னு கேக்கல. அதுக்கு நீங்க நூறு காரணம் வச்சிருப்பீங்க.”

வைத்திருக்கிறேன். எல்லாம் நல்ல காரணங்கள். திவாகரிடமும் இருக்கும்.

“நீங்களும் மெம்பருதானே. ஒங்களுக்கும் ரெண்டு எல குடுத்திருப்பாங்க. எத போட்டீங்க?”

“அது இரகசிய வாக்கு, வேலாயி.”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் தகப்பனின் பார்வை. “ஆமாலா,” என்றாள். “ரகசியம்தான்.” இறங்கிப் போனார்கள். இருமல் தெருமுனை வரை கேட்டது.

அவளிடம் சொல்லாததை, நாற்பத்தைந்து ஆண்டுகளாக இந்தக் குறிப்பேடுகள் எதிலும் எழுதாததை, இங்கே எழுதுகிறேன். இருளப்பன் எப்படியும் தோற்பார் என்று அன்று உறுதியாக நம்பினேன். தோற்கட்டும், என் கையாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் இடப்பக்கக் கூடையில் கொழுந்தைப் போட்டேன்.

அறுபத்தொன்றில் ஒன்று என்னுடையது.